அம்மாவுக்கு வயிறு எப்பவும் சில்லுன்னே இருக்கு, சீனக்கடை மருந்து குடுக்கலாமா?

தம்வே மகள்:

எல்லாருக்கும் வணக்கம். ரங்கூன் தம்வேல இருந்து எழுதுறேன். அம்மா விஷயமா ஒரு சந்தேகம், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், தெரிஞ்சவங்க பொறுமையா படிச்சு சொல்லுங்க.

அம்மாவுக்கு 62 வயசு. எட்டு வருஷமா சுகர், மெட்ஃபார்மின் போடுறாங்க, பிரஷருக்கும் ஒரு மாத்திரை உண்டு. போன தீபாவளிக்கு அப்புறம் வயிறு சரியே இல்ல. வலிக்குதான்னு கேட்டா வலின்னு சொல்ல மாட்டாங்க, "வயித்துக்குள்ள யாரோ ஐஸ் கட்டிய வச்ச மாதிரி இருக்குடி"ன்னுதான் சொல்வாங்க. ரெண்டு வாய் சோறு உள்ள போனாலே மந்தமாயிடுது, ஏப்பம் வருது, வாயில தண்ணியா ஊறி வருது, காலையில எந்திரிச்சதும் ரெண்டு மூணு தடவ இளக்கமா போகுது. கையும் காலும் சில்லுன்னு இருக்கு. இந்த வெயில்லயும் வயித்து மேல துண்டு மடிச்சு கட்டிக்கிட்டுத்தான் படுக்குறாங்க. சுடுதண்ணி பாட்டில வயித்துல வச்சா கொஞ்சம் சுகமா இருக்குங்கிறாங்க. முன்னாடி மீன் கொழம்பு ஊத்துன நூடுல்ஸ், அதான் மொஹிங்கா, அதுன்னா ரெண்டு கிண்ணம் சாப்பிடுற ஆளு, இப்ப வாசனை வந்தாலே முகத்த திருப்பிக்கிறாங்க, அத பாக்கத்தான் எனக்கு தாங்கல.

டாக்டர்கிட்ட காட்டினோம், வயித்து அமிலத்த கொறைக்கிற ஒமிப்ரசோல் மாத்திரை ஒரு மாசத்துக்கு குடுத்தாரு. போடும்போது கொஞ்சம் பரவால்ல, நிறுத்தினதும் பழையபடி.

எங்க பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஹொக்கியன் சீனர், இருவது வருஷத்துக்கு மேல பழக்கம், அம்மாவுக்கு கூடப்பொறந்தவங்க மாதிரி. அவங்கதான் சீனர் தெரு இருக்குற லத்தா பக்கம் ஒரு பழைய மருந்துக்கடைக்கு கூட்டிட்டு போனாங்க. அங்க உக்காந்திருந்த வயசான சயா (வைத்தியர்) நாக்க நீட்ட சொல்லி பாத்தாரு, ரெண்டு மணிக்கட்டுலயும் நாடி புடிச்சாரு, சுடுதண்ணி புடிக்குமா பச்சத்தண்ணி புடிக்குமா, வயித்த அமுக்கினா நல்லா இருக்கா வலிக்குதான்னு என்னென்னமோ கேட்டாரு. நாக்கு வெளுத்துப்போயி ஓரமெல்லாம் பல்லு தடம் இருக்குன்னாரு, "பி வேய் பலவீனம், வயித்துல குளிர்"னு ஆன்ட்டி பர்மா பாஷையில மாத்தி சொன்னாங்க. சீட்டுல ரெண்டு மருந்து எழுதினாரு. முதல்ல லி ஜோங் வான், அதுல கேக்கலன்னா ஃபூ ட்ஸு லி ஜோங் வான். முதல் மருந்த வாங்கிட்டேன், கறுப்பா நெல்லிக்கா சைஸ்ல உருண்டை உருண்டையா மெழுகு கூட்டுக்குள்ள இருக்கு. இன்னும் குடுக்கல.

இது என்ன மருந்து, உள்ள என்ன இருக்கு, சுகர் மாத்திரையோட சேத்து குடுக்கலாமா? வீட்டுல அண்ணன் இதெல்லாம் வேணாம்னு ஒரே பிடிவாதமா இருக்கான், அம்மா குடுத்துத்தான் பாரேன்ங்கிறாங்க.

மாந்தலே அண்ணன்:

தங்கச்சி, நான் மாந்தலேல இருக்கேன், வீட்டுக்காரி யுன்னான் சீனக் குடும்பத்து பொண்ணு, மாமனார் வீட்டுல சமையக்கட்டுக்கு பக்கத்துலயே மருந்து அலமாரி இருக்கும். பதினஞ்சு வருஷமா அதுக்குள்ளயே கெடக்குறதால எனக்கு தெரிஞ்சத சொல்றேன், நான் வைத்தியன் இல்ல.

முதல்ல அந்த "பி" விஷயம். அத நம்ம மொழியில மண்ணீரல்னு சொல்லிடுறாங்க, உடனே ஆளுங்க மண்ணீரலுக்கு என்னமோ ஆச்சுன்னு ஸ்கேன் எடுக்க ஓடுறாங்க. அப்படி இல்ல. சீன வைத்தியத்துல பி-ங்கிறது சாப்பிட்டத உடைச்சு சத்தா மாத்தி உடம்பு பூரா அனுப்புற வேலை, அந்த மொத்த வேலைக்கும் வச்ச பேரு. அஞ்சு பூதத்துல அவங்க அத மண்ணோட சேக்குறாங்க. நம்ம சொல்லுலயே மண்ணீரல்னு மண்ணு உக்காந்திருக்கு பாருங்க, இத மாமனார்கிட்ட சொன்னப்ப ரொம்ப நேரம் அதையே சொல்லிக்கிட்டு இருந்தாரு. வேய்-னா இரைப்பை. வயித்த ஒரு பானையா நெனச்சா பி அடியில எரியிற நெருப்பு, நெருப்பு தணிஞ்சா சோறு வேகாது, தண்ணியா நிக்கும், அந்தத் தண்ணிதான் வாயில ஊறுது, இளக்கமா போகுதுன்னு அவங்க கணக்கு. நம்ம ஊர்ல அக்கினி மந்தம்னு சொல்றதும் இதேதான்.

லி ஜோங் வான் ரொம்ப பழசு. ஜாங் ஜோங்ஜிங்னு ஹான் அரச காலத்து வைத்தியர் கி.பி. 200 வாக்குல எழுதி வச்ச ஷாங் ஹான் லுன்ல வருது. சரக்கு நாலே நாலு, நாலும் சம எடை. ஜின்செங், காஞ்ச இஞ்சி அதாவது நம்ம சுக்கு, பாய் ஜூன்னு ஒரு கிழங்கு (சூரியகாந்தி குடும்பத்துச் செடி, நம்ம பக்கம் பேரு கெடையாது), அப்புறம் தேன்ல வறுத்த அதிமதுரம். இப்ப கடையில வர்றதுல பெரும்பாலும் ஜின்செங்குக்கு பதிலா டாங் ஷென்னு வெல கம்மியான ஒரு வேரு போடுறாங்க, அது ஏமாத்து இல்ல, வழக்கமாவே அப்படித்தான், கொஞ்சம் மெதுவா வேல செய்யும்.

அந்தப் பழைய ஏட்டுல ஒரு விஷயம் எனக்கு ரொம்ப புடிக்கும். மருந்து தின்னு வயித்துக்குள்ள சூடு தெரியலன்னா உருண்டைய கூட்டு, மருந்து சாப்பிட்டு ஒரு சோறு சாப்பிடுற நேரம் கழிச்சு சுடச்சுட கஞ்சி குடி, போர்வைய எடுக்காம படுன்னு சொல்லியிருக்கு. கஞ்சி இல்லாம அந்த மருந்து பாதிதான்னு மாமனார் சொல்வாரு. இத கடையில சொல்லவே மாட்டாங்க.

அந்த சயா கேட்ட கேள்வியெல்லாம் சும்மா கேட்டது இல்ல. சூடு வச்சா சுகம், அமுக்கினா சுகம், வெளுத்த நாக்கு, வாயில தண்ணி, இதெல்லாம் சேந்து வந்தாத்தான் இந்த மருந்து. எரிச்சலா இருந்து நாக்கு செவந்து தாகம் எடுத்தா இது தொடக்கூடாது, எரியிற நெருப்புல எண்ணெய் ஊத்துன மாதிரி ஆயிடும். எல்லா அஜீரணத்துக்கும் ஒரே மருந்துன்னு எவன் சொன்னாலும் நம்பாத. அளவுக்கு மீறி தின்னு வயிறு உப்புனதுக்கு பாவ் ஹ வான்னு வேற இருக்கு, சீமை இலந்தை மாதிரி செவப்பா ஒரு புளிப்புப் பழம் போட்டது, அத பலவீனமான வயித்துக்கு குடுத்தா இன்னும் களைச்சுப்போகும்.

உங்க அம்மாவுக்கு பாத்தது சரியாத்தான் தோணுது எனக்கு. ரெண்டாவதா எழுதினத மட்டும் இப்ப வாங்காத, ஏன்னு வேற யாராச்சும் சொல்வாங்க.

மோல்மேன் தம்பி:

ரெண்டாவது மருந்த பத்தி நான் சொல்றேன் அக்கா, ஏன்னா எங்க வீட்டுல நடந்திருக்கு.

ஃபூ ட்ஸுங்கிறது நம்ம ஆளுங்க நாபி, வசநாவின்னு சொல்ற அந்த விஷக்கிழங்கோட சொந்தம். சுத்தி பண்ணித்தான் விக்கிறாங்க, நல்லா நேரம் எடுத்து கொதிக்க வச்சா விஷம் கொறையும்னு சொல்றாங்க, அதெல்லாம் உண்மைதான். ஆனா எங்க சித்தப்பா மூணு வருஷத்துக்கு முன்னாடி மழைக்காலத்துல முட்டி வலிக்கும் வயித்துக் குளிருக்கும் சேத்து ஒரு கடையில வேரா வாங்கிட்டு வந்தாரு. கரண்டு இல்ல, கரியும் தீந்துபோச்சு, கால் மணி நேரம் கொதிச்சது போதும்னு எறக்கி குடிச்சிட்டாரு. அரை மணி நேரத்துல உதடு மரத்துப்போச்சு, அப்புறம் நாக்கு, அப்புறம் விரல் நுனியெல்லாம். வாந்தி. நெஞ்சு படபடன்னு அடிச்சு நின்னு அடிச்சு நின்னு. ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடினோம், ரெண்டு நாள் மானிட்டர்ல வச்சிருந்தாங்க. இதுக்குன்னு முறிவு மருந்து கெடையாதுன்னு டாக்டர் சொன்னப்ப சித்தி அங்கயே உக்காந்துட்டாங்க.

பொழச்சுக்கிட்டாரு. இப்பவும் ரெண்டு விரல் நுனி மரத்தாப்புல இருக்குங்கிறாரு.

மாத்திரையா வர்றது வேர் மாதிரி அவ்வளவு மோசம் இல்லன்னு சொல்லலாம், ஆனா எந்தப் பாக்கெட்டுல எவ்வளவு இருக்குன்னு நமக்கு எப்படி தெரியும். வயசானவங்களுக்கு, அதுவும் பிரஷர் மாத்திரை போடுறவங்களுக்கு வேணவே வேணாம் அக்கா, கையெடுத்து கும்புட்டு சொல்றேன்.

பெகு வார்டு அக்கா:

நான் நர்ஸ், பெகுல இருக்கேன், வார்டுல இருவத்தி ரெண்டு வருஷம். மேல ரெண்டு பேரும் நல்லா சொல்லியிருக்கீங்க. ஆனா மாந்தலே தம்பி, "பாத்தது சரியாத்தான் தோணுது"ன்னு சொன்னீங்க பாருங்க, அங்க நான் ஒத்துக்க மாட்டேன். குளிர்ந்த வயிறுங்கிறது அந்த அம்மா உணர்றத சொல்ற பேரு, அதுக்கு அடியில என்ன இருக்குன்னு அது சொல்லாது. அதே பேச்ச சொல்லிக்கிட்டு வந்தவங்கள்ல ஒருத்தருக்கு ஒண்ணுமே இருந்ததில்ல, ஒருத்தருக்கு புண்ணு இருந்துச்சு, ஒருத்தருக்கு புத்து நோய் இருந்துச்சு. மூணு பேரும் சுக்குத்தண்ணி குடிச்சா சுகம்னுதான் சொன்னாங்க.

தங்கச்சி, நீ நாலு விஷயத்த பாத்து சொல்லு. மெட்ஃபார்மின் அளவு சமீபத்துல கூட்டினாங்களா? அந்த மாத்திரையே இளக்கமா போக வைக்கும், வாய் கசக்க வைக்கும், பசிய அடக்கும், அளவு கூட்டினப்ப இது ரொம்ப சகஜம், சாப்பாட்டுக்கு முன்னாடி வெறும் வயித்துல போட்டா இன்னும் மோசம். ரொம்ப வருஷம் போட்டா பி12 சத்தும் கொறையும், கை கால் மரத்தாப்புல சில்லுன்னு தெரியிறதுக்கு அதுவும் ஒரு காரணம். பிரஷர் மாத்திரை பேரு என்ன, அதுல தண்ணி போக வைக்கிற மருந்து இருக்கா? எடை கொறைஞ்சிருக்கா? மலம் எப்பவாச்சும் தார் மாதிரி கறுப்பா போச்சா?

பிரஷர் மாத்திரைய ஏன் கேக்குறேன்னா, அந்த உருண்டையில போடுற சரக்குல நாலுல ஒரு பங்கு அதிமதுரம்னு தம்பி சொல்லிட்டாரு. அதிமதுரம் நாக்குக்கு இனிப்பா ஒண்ணும் செய்யாத சாமான் மாதிரி தெரியும். ஆனா தெனமும் போனா உடம்புல உப்பையும் தண்ணியையும் தேக்கும், பொட்டாசியத்த வெளிய தள்ளும், பிரஷர் ஏறும், காலு வீங்கும். தண்ணி போக வைக்கிற மாத்திரையும் பொட்டாசியத்த தள்ளுற ஆளு, ரெண்டும் சேந்தா கால்ல பலமே இல்லாம போயிடும், நெஞ்சு துடிப்பு தடுமாறும். ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் போடுறவங்களா இருந்தா ஜின்செங்கும் ஆகாது.

இன்னொண்ணு, நெல்லிக்கா சைஸ் உருண்டைன்னு சொன்னியே, அது தேன்ல உருட்டுனது. ஒரு உருண்டை பொதுவா 9 கிராம், அதுல கிட்டத்தட்ட பாதி தேன். சுகர்காரங்களுக்கு தெனம் ரெண்டு மூணு உருண்டைன்னா நீயே கணக்கு போட்டுக்கோ.

தம்வே மகள்:

அக்கா, நீங்க கேட்டத படிச்சதும் அம்மாவோட சிகிச்சை புத்தகத்த எடுத்துப் பாத்தேன், கை நடுங்கிடுச்சு. மெட்ஃபார்மின் 500 ரெண்டு வேளைன்னு இருந்தத 1000 ரெண்டு வேளைன்னு மாத்தியிருக்காங்க, தேதி பாத்தா தீபாவளிக்கு பத்து நாள் முன்னாடி. யாருமே இதையும் அதையும் சேத்து பாக்கல, நானும்தான். அம்மா காலையில எந்திரிச்சதும் சாமி கும்புட்டுட்டு வெறும் வயித்துலதான் போடுறாங்க, அப்புறம் ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் பலகாரம்.

பிரஷர் மாத்திரையில ஹைட்ரோகுளோரோதயசைடுன்னு எழுதியிருக்கு, அது தண்ணி மாத்திரைதானே? எடை 4 கிலோ கொறைஞ்சிருக்கு, சாப்பிடாம இருக்காங்க அதனாலன்னு நாங்க நெனச்சோம். கறுப்பா போகலன்னு சொல்றாங்க.

உருண்டைய அலமாரி மேல எடுத்து வச்சிட்டேன். ஆனா ஆன்ட்டிகிட்ட என்ன சொல்றது? ஒவ்வொரு நாளும் காலையில சுவருக்கு அந்தப் பக்கத்துல இருந்து "குடுத்தியா"ன்னு கேக்குறாங்க, அவ்வளவு பாசமா கூட்டிட்டு போனவங்க.

பெகு வார்டு அக்கா:

ஆமா, தண்ணி மாத்திரைதான். உருண்டை அலமாரி மேலயே இருக்கட்டும்.

4 கிலோன்னு சொன்னதுக்கு அப்புறம் நான் வேற எதையும் பேச மாட்டேன், முதல்ல எண்டோஸ்கோப்பி. 62 வயசு, எடை கொறைச்சல், பசியில்ல, கொஞ்சம் சாப்பிட்டதும் நெறஞ்சுபோற மாதிரி. இந்த நாலும் ஒரே எடத்துல இருந்தா கேமரா விட்டு பாக்காம எந்த மருந்தும் குடுக்கக்கூடாது, சீன மருந்தும் சரி நம்ம மருந்தும் சரி அலோபதியும் சரி. பயமுறுத்த சொல்லல, பெரும்பாலும் ஒண்ணுமில்லன்னுதான் வரும், ஆனா பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு சொல்றதுக்கும் பாக்காம சொல்றதுக்கும் வித்தியாசம் இருக்கு.

அப்படியே ஹெலிகோபாக்டர் பைலோரிங்கிற கிருமி இருக்கான்னும் பாக்க சொல்லு. நம்ம பக்கத்துல அது நெறைய பேருக்கு உண்டு. வயித்துப் புண்ணுக்கு கவலையும் காரமும்தான் காரணம்னு உலகமே நெனச்சுக்கிட்டு இருந்தப்ப ஆஸ்திரேலியாவுல மார்ஷல், வாரன்னு ரெண்டு டாக்டருங்க 1982ல இத கண்டுபுடிச்சாங்க. யாரும் நம்பலன்னு மார்ஷல் 1984ல அந்தக் கிருமிய தானே குடிச்சு வயித்த கெடுத்துக்கிட்டு காட்டினாரு, 2005ல நோபல் குடுத்தாங்க. ஒமிப்ரசோல் போட்டுக்கிட்டே சோதனை பண்ணினா கிருமி இல்லன்னு தப்பா காட்டும், ரெண்டு வாரம் முன்னாடியே நிறுத்தியிருக்கணும், அத டாக்டர்கிட்ட மறக்காம சொல்லு.

மெட்ஃபார்மின நீயா நிறுத்தாத. சாப்பாட்டு நடுவுல போட சொல்லு, அத இன்னைக்கே செய்யலாம். மெதுவா கரையிற வகைன்னு ஒண்ணு இருக்கு, வயித்துக்கு அது சாதுவா இருக்கும், மாத்தி தர முடியுமான்னு டாக்டர்கிட்ட கேளு.

தாட்டோன் பெரியவர்:

பேத்தி, எனக்கு 74 வயசு. எங்க அப்பா தாட்டோன்ல நாட்டு மருந்துக்கடை வச்சிருந்தாரு, பக்கத்துக் கடை ஹக்கா சீனருது. ரெண்டு கடைக்கும் நடுவுல ஒரு மரப்பலகைதான் தடுப்பு. அவருகிட்ட சிற்றரத்தை தீந்தா எங்க அப்பாகிட்ட வாங்குவாரு, எங்ககிட்ட அதிமதுரம் தீந்தா அங்க வாங்குவோம். அதனால இந்த சரக்கெல்லாம் அந்நியம்னு நெனைக்காதீங்கன்னு சொல்லத்தான் எழுதுறேன். நர்ஸ் பொண்ணு சொன்னதுதான் முதல் காரியம், அதுல எனக்கு மறுபேச்சு இல்ல.

வயித்துக் குளிருக்கு சீனர்கிட்ட லியாங் ஃபூ வான்னு ஒரு மருந்து உண்டு. ரெண்டே சரக்கு. ஒண்ணு சிற்றரத்தை, இன்னொண்ணு கோரைக்கிழங்கு. நம்ம வீட்டு அஞ்சறைப்பெட்டிக்கு பக்கத்துல கெடக்குற சாமான்! குளிர்ல சுருட்டிப் புடிக்கிற வலிக்கு, மனசு சங்கடப்பட்டா கூடுற வலிக்கு அது. திப்பிலிய அவங்க பீ போ-ன்னு சொல்றாங்களே, அது பிப்பலிங்கிற நம்ம பக்கத்து பேருதான் கப்பலேறிப் போனது. ஷா ரென்னு அவங்க போடுறது ஏலக்காயோட பங்காளி, கசாயம் எறக்குறதுக்கு கொஞ்சம் முன்னாடி நசுக்கிப் போடணும், முதல்லயே போட்டா வாசனையெல்லாம் ஆவியா போயிடும், வாசனை போனா குணமும் போச்சு. நம்ம பஞ்ச தீபாக்கினி சூரணத்துல சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், சீரகம். நெருப்ப மூட்டுன்னு பேர்லயே இருக்கு. லி ஜோங் வான் அதையேதான் வேற வழியில செய்யுது, ஆனா ஒரு வித்தியாசம், நம்ம சூரணம் நெருப்ப மட்டும் ஊதும், அவங்க மருந்து ஊதுறதோட வெறகும் வைக்கும், பாய் ஜூவும் ஜின்செங்கும் வெறகு. நோயில கெடந்து எளச்சவங்களுக்கு அவங்க வழி ஒரு படி மேலன்னுதான் நான் சொல்வேன், நம்ம ஆளுங்க கோவிச்சுக்கிட்டாலும் சரி.

ஒரு விஷயத்துல மட்டும் கண்ண தொறந்து வச்சுக்கணும், பேரு. மூ ஷியாங்னு அவங்க சொல்றது நம்ம கோஷ்டம், வயிறு உப்புசத்துக்கு அருமையான சரக்கு. சிங் மூ ஷியாங்னு இன்னொண்ணு இருக்கு, பேருதான் ஒண்ணு மாதிரி, செடி வேற, அது ஆடுதின்னாப்பாளை சாதி, சிறுநீரகத்த அரிச்சுடும், புத்து நோயும் கொண்டு வரும். சீனாவுலயே 2004ல அத நிறுத்திட்டாங்க. பெல்ஜியம் நாட்டுல 1990களோட தொடக்கத்துல உடம்பு எளைக்கணும்னு சீன வேரு தின்ன பொம்பளைங்க நெறைய பேருக்கு சிறுநீரகம் போச்சே, அதுவும் இதே சாதிச் செடி வேற பேருல கலந்து வந்ததாலதான். தப்பு செய்யணும்னு யாரும் செய்யல, பேரு மாறிப்போச்சு, அவ்வளவுதான். அதனால பேரு தெரியாத பொடிய, சரக்கு எழுதாத பாக்கெட்ட வாங்கவே கூடாது. முழுசா சரக்க கண்ணால பாத்து வாங்குற பழக்கம் எங்க அப்பாவுக்கு இருந்துச்சு, பலகைக்கு அந்தப் பக்கத்து சீனருக்கும் இருந்துச்சு.

இந்த ரங்கூன் மண்ணுக்கும் சீன மருந்துக்கும் பழைய உறவு. புலி மார்க் தைலம் உலகம் பூரா போகுதே, அது பொறந்தது ரங்கூன்ல. ஹக்கா வைத்தியர் ஆவ் ச்சூ கின் 1870கள்ல இங்க கடை போட்டாரு, அவர் மக்க ரெண்டு பேரும் அத பெருசாக்கி 1920கள்ல சிங்கப்பூருக்கு கொண்டு போனாங்க. எங்க அம்மா வயித்துக் குளிருக்கு தொப்புள சுத்தி அத தடவி விடுவாங்க. நோய் போகுமான்னு கேக்காதீங்க, தூக்கம் வரும்.

மாந்தலே அண்ணன்:

பெகு அக்கா சொன்னத ஒத்துக்குறேன். நாக்கு நாடி எல்லாம் பொருந்தி வந்துச்சுன்னு அவசரப்பட்டு சொல்லிட்டேன், எடை கொறைஞ்சத நான் கேட்கவே இல்ல, அது என் தப்பு. மாமனார்கிட்டயும் நேத்து ராத்திரி கேட்டேன், "சாப்பிடாம எளைச்சா வேற, காரணம் தெரியாம எளைச்சா வேற, ரெண்டாவத முதல்ல பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு"ன்னு அவரே சொல்றாரு.

அதுவரைக்கும் சும்மா இருக்கணும்னு இல்ல தங்கச்சி, சாப்பாட்டுல செய்யக்கூடியது நெறைய இருக்கு, அங்கதான் சீனர் வைத்தியத்தோட உயிரே இருக்குன்னு நான் நெனைக்கிறேன். லி டோங்யுவான்னு ஒரு வைத்தியர், 13ஆம் நூற்றாண்டு, அவர் இருந்த நகரத்த 1232ல மங்கோலியர் படை வளைச்சுக்கிச்சு. முற்றுகை முடிஞ்சப்புறம் கூட்டம் கூட்டமா ஜனங்க செத்தாங்க. மத்தவங்க குளிர் காய்ச்சல்னு நெனச்சு பேதி மருந்தா குடுத்தாங்க, இவருதான் பட்டினியும் பயமும் காஞ்ச வயித்துக்கு திடீர்னு சாப்பாடும் சேந்து பி-ய ஒடச்சிடுச்சுன்னு புரிஞ்சுக்கிட்டாரு. அதுக்கப்புறம் பெரும்பாலும் வயித்தப் பத்தித்தான் எழுதினாரு.

கஞ்சி வை. பழைய அரிசி ஒரு கைப்பிடி, தண்ணி பத்து பங்கு, கரி அடுப்புல சின்னத் தீயில ஒன்றரை மணி நேரம். கூடவே தோல் சீவாத இஞ்சி மூணு வில்லை, கமலா ஆரஞ்சு தோல் காஞ்சது ஒரு துண்டு. அந்தத் தோலுக்கு சென் பி-ன்னு பேரு, சென்னா பழசுன்னு அர்த்தம், எவ்வளவு வருஷமாச்சோ அவ்வளவு வெல. சீனக்கடையில சொல்லி வாங்கு, வீட்டுல பழம் உரிச்ச தோல காய வச்சு போடாத, பூச்சி மருந்து அடிச்ச பழமா இருக்கும். தாமரை விதை பத்து, நடுவுல இருக்குற பச்சை முளைய எடுத்துடு, அது குளிர்ச்சி, கசக்கும். செவப்பு பேரீச்சை மாதிரி இருக்குற சீன இலந்தைய எல்லாரும் போடுவாங்க, அம்மாவுக்கு சுகர் அதனால வேணாம். கஞ்சியும் சுகர ஏத்தும், அதனால சின்னக் கிண்ணம், கூட அவிச்ச மீன் ரெண்டு துண்டு, பாத்து பாத்து குடு.

பலூடா, ஐஸ் போட்ட கரும்புச் சாறு, தர்பூசணி, வெறும் வயித்துல லப்பெத் தொக் (ஊறவச்ச தேயிலை சாலட்), இதெல்லாம் கொஞ்ச நாளைக்கு வேணாம். ஜின் தொக் (இஞ்சி சாலட்) குடுக்கலாம், இஞ்சிதானே, ஆனா எண்ணெய கொறைச்சு.

ஆன்ட்டிகிட்ட பொய் சொல்லாத. நேரா போயி மாத்திரை சீட்ட காட்டி, அதிமதுரமும் இந்த மாத்திரையும் சேராதாம்னு சொல்லு. நல்ல சயாவா இருந்தா இத கேட்டு கோவப்பட மாட்டாரு, அவரே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

தம்வே மகள்:

எல்லாருக்கும் மறுபடியும் வணக்கம். மூணு வாரம் ஆச்சு, இன்னைக்குத்தான் உக்காந்து எழுத முடிஞ்சுது.

எண்டோஸ்கோப்பி பண்ணிட்டோம். புத்து நோய் எதுவும் இல்ல. அந்த வார்த்தைய டாக்டர் சொன்னதும் வெளிய வந்து அண்ணன் அழுதுட்டான், என்னைத் திட்டிக்கிட்டே இருந்தவன். இரைப்பை செவந்து வீங்கியிருக்கு, சதை எடுத்து சோதிச்சதுல அந்தக் கிருமி இருக்கு. ஒமிப்ரசோல நிறுத்தி அஞ்சு வாரம் ஆகியிருந்ததால சோதனை சரியா வந்துச்சு. 14 நாளுக்கு மாத்திரை, நாலு வகை. அதுல பிஸ்மத் இருக்கு, அத போட்டா மலமும் நாக்கும் கறுப்பாகும் பயப்படாதீங்கன்னு டாக்டர் முன்னாடியே சொல்லிட்டாரு, இல்லன்னா பெகு அக்கா சொன்னத நெனச்சு நான் அலறியிருப்பேன். மெட்ஃபார்மின மெதுவா கரையிற வகைக்கு மாத்திட்டாங்க, பி12க்கு ஊசி போடுறாங்க. காலையில இளக்கமா போறது முதல் வாரத்துலயே பாதி கொறைஞ்சுது.

மாத்திரை நாளெல்லாம் கொமட்டல்தான், கஞ்சிதான் காப்பாத்துச்சு அண்ணே. தாமரை விதையில பச்சை முளைய எடுக்க அம்மாவே உக்காந்துக்கிட்டாங்க.

ஆன்ட்டிகிட்ட நேரா சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் என் கைய புடிச்சுக்கிட்டு "நாளைக்கு சயாகிட்ட போவோம், நானும் கேக்கணும்"னாங்க. போனோம். மாத்திரை சீட்டையும் எண்டோஸ்கோப்பி காகிதத்தையும் சயா ரொம்ப நேரம் பாத்தாரு, ஆன்ட்டிதான் ஒவ்வொண்ணா படிச்சு சொன்னாங்க. பிரஷர் மாத்திரை இருக்குன்னு சொல்லவே இல்லையேன்னாரு, நாங்க சொல்லல, அவரும் கேக்கல. உருண்டைய திருப்பி வாங்கிக்கிட்டு காச குடுத்துட்டாரு. இங்கிலீஷ் மருந்து முடியட்டும், ஒரு மாசம் வயிறு ஓய்வெடுக்கட்டும், அப்புறமும் குளிர் இருந்தா வாங்க, அதிமதுரமும் ஃபூ ட்ஸுவும் இல்லாம வேற எழுதித் தர்றேன், டாக்டர்கிட்டயும் அத காட்டுங்கன்னாரு. போகும்போது ஒரு பொட்டலம் சென் பி சும்மாவே குடுத்தாரு, எட்டு வருஷம் பழசாம்.

தாட்டோன் தாத்தா, அந்தப் பொட்டலத்துல அவரே கையால சரக்கு பேரு எழுதியிருந்தாரு, உங்கள நெனச்சுக்கிட்டேன்.

வயித்துல குளிர் இன்னும் கொஞ்சம் இருக்குன்னுதான் அம்மா சொல்றாங்க, துண்டு கட்டுறத விடல. நாலு வாரம் கழிச்சு கிருமி போச்சான்னு மறுபடி சோதனை இருக்கு, அதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் ஒமிப்ரசோல நிறுத்தணும்னு காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிட்டேன். நேத்து காலையில மொஹிங்காக்காரம்மா கூவிக்கிட்டு போனப்ப அம்மாவே வாசலுக்கு போயி நின்னாங்க. அரைக் கிண்ணம், பஜ்ஜி வேணாம், மிளகாத்தூள் வேணாம்னு சொல்லி வாங்கி, முழுசா சாப்பிட்டாங்க.